எடை மாறவில்லை, இடுப்பு மாறிவிட்டது
முதியோர் நலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 68 வயது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உயரம் 166 செ.மீ., எடை 64 கிலோ. முப்பது ஆண்டுகளாக இந்த எடை ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அண்மையில் எங்கள் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் என் இடுப்பை அளந்த செவிலியர் 98 செ.மீ. என்று எழுதிவிட்டு, "தொப்பையைக் குறைக்கணும் ஐயா" என்றார். ரத்த அழுத்தம் 152/84, வெறும் வயிற்றில் சர்க்கரை 112. நான் அணியும் பேன்ட் இன்றைக்கும் 34 அங்குலம்தான். குண்டாக இல்லாத எனக்குத் தொப்பையால் என்ன கெடுதல்? அதற்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் பேன்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். 34 அங்குலம் என்றால் ஏறத்தாழ 86 செ.மீ.; செவிலியர் அளந்ததோ 98. இரண்டு அளவும் சரியானவைதான். வயிறு முன்தள்ளத் தொடங்கியதும் ஆண்கள் தங்களை அறியாமலே பேன்ட்டைத் தொப்புளுக்குக் கீழே, வயிறு சரிந்து இறங்கும் இடத்துக்கு அடியில் கட்டிக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் சுற்றளவு பெரிதாக மாறுவதில்லை என்பதால் இருபது ஆண்டுகளாக ஒரே அளவு பேன்ட் பொருந்திக்கொண்டே இருக்கிறது. வேட்டியும் அரைஞாண் கயிறும்கூட இப்படித்தான் வயிற்றுக்கு இடம்விட்டுக் கீழே நழுவிவிடுகின்றன. உண்மையில் அளக்க வேண்டிய இடம் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் இருக்கிறது. விலாப்புறத்தில் விரலை அழுத்தி இரண்டு எலும்புகளையும் தொட்டுப் பார்த்து, நடுவே பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சட்டையை விலக்கி, நேராக நின்று, தையற்காரர் வைத்திருக்கும் நாடாவை அந்தப் புள்ளி வழியாகத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடித்த நிலையில் எண்ணைப் படிக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கக் கூடாது. இந்திய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீட்டரும் பெண்களுக்கு 80 செ.மீட்டரும் எல்லை. இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு கணக்கு. உங்கள் உயரத்தில் பாதி 83 செ.மீ.

எடை மாறவில்லை என்பதை நீங்கள் ஆறுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஆறுதலைக் கலைப்பதற்கு மன்னியுங்கள். நடுவயதுக்குப் பிறகு தசை சிறிது சிறிதாகக் கரைகிறது, கொழுப்பு சிறிது சிறிதாகச் சேர்கிறது. இரண்டும் ஈடுகட்டிக்கொண்டால் எடைபார்க்கும் கருவி பழைய எண்ணையே காட்டும். உங்கள் தொடையையும் மேற்கையையும் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடை மெலிந்து வயிறு பெருத்திருக்குமானால், அந்த 64 கிலோ இப்போது வேறு 64 கிலோ.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம் என்று பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக் 1947-இலேயே எழுதினார். இடுப்புக்குக் கீழே தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் படியும் கொழுப்பு பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. வயிற்றுச் சுவருக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேரும் உள்ளுறுப்புக் கொழுப்புதான் தொல்லை தருவது. நம்மவர்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் இந்தக் கொழுப்பை நிறையச் சுமக்கிறோம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கினும் 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) ஒன்றுதான்: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. உங்கள் குறியீட்டெண் சுமார் 23. அந்தப் படத்தில் நீங்கள் யாருக்குப் பக்கத்தில் நிற்பீர்கள் என்பதை உங்கள் இடுப்பு அளவு சொல்லிவிடுகிறது.

இப்போது பிரஷருக்கு வருவோம். உள்ளுறுப்புக் கொழுப்பு வேலை செய்யாமல் கிடக்கும் மூட்டை அன்று. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் குடல் பகுதியிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலை அடைகின்றன. கல்லீரலும் தசையும் இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் போகின்றன. அதைச் சரிக்கட்டக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. இப்படிக் கூடிய இன்சுலின் சிறுநீரகத்திடம் உப்பை வெளியேற்றாதே, தேக்கிவை என்று சொல்கிறது. அதே நேரத்தில் கொழுப்புத் திசு, ரத்தக்குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதற்கான மூலப்பொருளைத் தானே சுரக்கிறது. இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் முடுக்கும் பரிவு நரம்புகளின் வேகமும் கூடுகிறது. சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்த கொழுப்பு அதை வெளியிலிருந்து அழுத்துவதும் உண்டு. உப்பும் நீரும் தேங்கி, குழாய்கள் இறுகி, அழுத்தம் ஏறுகிறது. ஆகவே உங்கள் முகாம் சீட்டில் தனித்தனியாக எழுதப்பட்ட மூன்று எண்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

இந்தத் தொகுப்பை அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988-இல் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று அழைத்தார். இன்று மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். பெருத்த இடுப்பு, 130/85-ஐத் தொட்ட அல்லது தாண்டிய ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட சர்க்கரை, 150 அல்லது அதற்கு மேற்பட்ட டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு, ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறைந்த எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அது உறுதி. உங்களிடம் மூன்று ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் தனியாக இல்லை: சென்னையிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இந்தியாப்' ஆய்வு, நாட்டில் வயதுவந்தோரில் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமனும் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாகக் கணித்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை: ஒரே நாள் அளவை வைத்து முடிவுகட்டாமல் ரத்த அழுத்தத்தை இன்னும் இரண்டு மூன்று நாட்கள் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். 112 என்பது சர்க்கரை நோய் அன்று, அதற்கு முந்தைய படி. திரும்பி வரக்கூடிய படி. வயிற்றுத் தசைக்கான பயிற்சி மட்டும் செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்று நம்பி ஏமாறாதீர்கள். வாரத்தில் 150 நிமிடங்கள் சற்றே மூச்சு வாங்கும் வேகத்தில் நடப்பது, எடைக் கருவியில் மாற்றம் தெரியாதபோதும் உள்ளுறுப்புக் கொழுப்பைக் குறைக்கும். சாப்பாட்டில் நான் முதலில் கைவைப்பது இரவுத் தட்டில்தான். ஆறு இட்லியோ நான்கு தோசையோ சட்னியோடு முடிவதற்குப் பதிலாக, மூன்று இட்லியும் கெட்டியான பருப்புச் சாம்பாரும் ஒரு கிண்ணம் சுண்டலும் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அதே நாடாவால், அதே புள்ளியில் அளந்து பாருங்கள்.

கேள்வி: என் வயது 74. பிரஷர் பார்த்தால் மேலே 166, கீழே 72 என்று காட்டுகிறது. கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது, "நூறோடு வயதைக் கூட்டினால் வருவதுதான் சரியான பிரஷர்" என்று என் அண்ணன் சொல்கிறார். மாத்திரை வேண்டுமா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: அண்ணன் சொல்வது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். ஆனால் அது தவறு என்று நிரூபணமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இளமையில் பெருந்தமனி ரப்பரைப் போல விரிந்து, இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் தாங்கிக்கொள்கிறது. வயதாக ஆக அந்த மீள்தன்மை போய்க் குழாய் விறைக்கிறது. அதனால் துடிப்பின்போது மேல் எண் எகிறுகிறது, துடிப்புகளுக்கு இடையே கீழ் எண் இறங்குகிறது. அந்தக் குறைந்த கீழ் எண் நலத்தின் அடையாளம் இல்லை, விறைப்பின் அடையாளம். மேல் எண் மட்டும் உயர்ந்திருந்த, 60 வயது கடந்த 4,736 பேரிடம் அமெரிக்காவில் நடந்த 'ஷெப்' ஆய்வு 1991-இல் வெளியானது. குளோர்தாலிடோன் என்னும் விலை குறைந்த மாத்திரையை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை பக்கவாதத்தை 36 விழுக்காடு குறைத்தது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் சிகிச்சை பலன் தரும் என்பதை 2008-இல் வந்த 'ஹைவெட்' ஆய்வு காட்டியது. சிகிச்சை பெற்றவர்களிடம் இறப்பு குறைந்திருப்பது தெரிந்ததால் அந்த ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

ஆகவே 166 என்பது மீண்டும் மீண்டும் வருமானால் உங்களுக்கு மருந்து வேண்டும். சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். ஆனால் அதற்கு முன் அளவு சரியானதா என்று பாருங்கள். பேருந்திலிருந்து இறங்கி, படியேறி, சிறுநீரை அடக்கிக்கொண்டு, முதுகுக்குச் சாய்வில்லாத முக்காலியில் கால் தொங்க உட்கார்ந்து, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அளந்த எண்ணை வைத்து யாரும் மாத்திரை எழுதக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி வைத்து, முதல் முறை இரண்டு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் அதிகமோ அந்தக் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்த வேண்டும். வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே உயர் அழுத்தத்தின் தொடக்கம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது, பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. தொப்பையைக் குறைக்கச் சொன்னார்கள் என்று காலையில் கஞ்சி, மதியம் இரண்டு சப்பாத்தி, இரவில் ஒரு பழம் என்று நான்கு மாதத்தில் 9 கிலோ குறைத்துவிட்டார். எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுகிறார், கட்டிலிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார், ஒருமுறை குளியலறையில் விழவும் செய்தார். பிரஷர் மாத்திரை இரண்டும் பழையபடியே தொடர்கின்றன. என்ன செய்வது?
(வாசகி, ஈரோடு)

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தை எழுதியதற்கு நன்றி. இந்தப் பக்கத்தில் மிகவும் அவசரமான கேள்வி இதுதான். இன்றே அவரைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறையும், எழுந்து நிற்கவைத்து முதல் நிமிடத்தில் ஒரு முறையும், மூன்றாம் நிமிடத்தில் ஒரு முறையும் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதுங்கள். நிற்கும்போது நீங்களோ உங்கள் கணவரோ அருகில் பிடித்துக்கொள்ளுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழுந்ததும் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். பட்டியலையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரத்திலேயே மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் எண் சராசரியாக ஒரு புள்ளி இறங்கும். உணவு குறைந்ததால் உப்பும் குறைந்திருக்கும். 9 கிலோவுக்கு முன் சரியாக இருந்த மருந்தளவு இப்போது மிகையாக இருக்கலாம். சர்க்கரை மாத்திரைக்கும் இது பொருந்தும். இவ்வளவு குறைவாகச் சாப்பிடுபவருக்குத் தாழ்சர்க்கரை வந்தும் தலை சுற்றலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் அவர் மயங்கி விழுந்தாலோ, வியர்த்துக் குழறினாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அவர் குறைத்த 9 கிலோவில் எவ்வளவு தொப்பை, எவ்வளவு தொடை என்பதுதான் எனக்குக் கவலை. இளைஞர் பட்டினி கிடந்தால் இழந்த தசையை மீட்டுவிடுவார். 71 வயதில் அது எளிதில் திரும்பாது, திரும்பி வரும் எடை கொழுப்பாகவே வரும். சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு வாங்கி எரிப்பது தசைதான். தசை போனால் சர்க்கரைக் கட்டுப்பாடும் போகிறது, கால் உரமும் போகிறது. மெலிந்த கால்களும் மிச்சமிருக்கும் வயிறும் சேர்ந்த நிலை, பருமனைவிட மோசமானது என்று நான் கருதுகிறேன். பருமனுள்ள முதியவர்களிடம் அமெரிக்காவில் டென்னிஸ் வில்லாரியல் குழுவினர் நடத்தி 2011-இலும் 2017-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த விஷயத்தில் தெளிவானவை: உணவைக் குறைப்பதோடு உடற்பயிற்சியும் சேர்ந்தபோதுதான் உடல் இயக்கம் அதிகம் மேம்பட்டது, அதிலும் நடைப்பயிற்சி போன்றவையும் எடை தூக்கும் பயிற்சியும் இரண்டும் சேர்ந்ததே சிறந்ததாக இருந்தது.

உங்கள் சமையலறையில் இதன் பொருள் என்ன? ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் அவருக்குத் தேவை. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் மட்டும் மருத்துவர் வேறு அளவு சொல்வார். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 கிராமுக்கும் மேல். கஞ்சி, சப்பாத்தி, பழத்தில் அதில் பாதிகூட வராது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. காலையில் இரண்டு முட்டை, மதியம் மீனோ கோழியோ, சைவமானால் கெட்டிப் பருப்பும் தயிரும், மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறுச் சுண்டல், இரவில் பனீர் அல்லது மீண்டும் பருப்பு என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். தலைசுற்றல் சரியான பிறகு, சுவரோடு சாய்த்து வைத்த, கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தொடங்கட்டும். முதல் வாரம் கையூன்றி ஐந்து முறை, பிறகு ஒரு கையை மட்டும் ஊன்றி, பிறகு கைகளை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு. கையூன்றாமல் பத்து முறை எழும் நாளில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: பிரஷருக்காகச் சாதாரண உப்பை விட்டு இந்துப்புக்கு மாறியிருக்கிறோம். இது போதுமா?
(வாசகர், மதுரை)

பதில்: போதாது. இந்துப்பும் கல்லுப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, வேலை ஒன்றே. அயோடின் சேர்க்காத இந்துப்பை வாங்கினால் அந்தப் பயனும் போகிறது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்ந்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பெரும்பகுதியை நாம் கணக்கில் கொள்ளாத இடங்களில் சாப்பிட்டுவிடுகிறோம்: ஊறுகாய், மோர் மிளகாய், வடகம், கருவாடு, மிக்சர். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியமே. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. பலருக்கு அது நல்லது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், டெல்மிசார்டான், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கேள்வி: என் கணவருக்கு 66 வயது, இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ. மூன்று வகைப் பிரஷர் மாத்திரைகள் சாப்பிட்டும் மேல் எண் 150-க்குக் கீழே இறங்குவதில்லை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை தினமும் உண்டு. இரவில் குறட்டை பக்கத்து அறை வரை கேட்கும். நடுநடுவே மூச்சே நின்றதுபோல அமைதியாகி, பிறகு திணறலோடு தொடங்கும். பகலில் பேப்பர் படித்தபடியே தூங்கிவிடுகிறார். மாத்திரையை இன்னும் கூட்ட வேண்டுமா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கூட்டுவதற்கு முன் தேட வேண்டும், தேட வேண்டிய இரண்டு இடங்களையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, பிரஷர் மாத்திரைகளின் வேலையைக் கெடுக்கின்றன. அவருடைய மூன்றில் ஒன்று நீர் பிரியும் மாத்திரையாகவும் இன்னொன்று டெல்மிசார்டான் வகையாகவும் இருந்தால், இந்த வலி மாத்திரை மூன்றாவதாகச் சேர்ந்து சிறுநீரகத்தையே பழுதாக்கலாம். அது பாராசிட்டமால் அல்லது மேலே தடவும் களிம்பாக மாறட்டும். தொடைத் தசையை உரப்படுத்தும் பயிற்சி முழங்கால் வலியைக் குறைக்கும் என்பதை முடநீக்கு சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்) செய்து காட்டுவார். இருமலுக்கு அதிமதுரம் தினமும் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், அதுவும் உப்பைத் தேக்கும்.

இரண்டாவது, நீங்கள் விவரித்திருக்கும் குறட்டை. நான் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாலும் உங்கள் கணவரிடமிருந்து இது கிடைத்திருக்காது. தூங்குபவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. இது தூக்கத்தில் மூச்சுத்தடை நோயாக இருக்க வாய்ப்பு மிகுதி. கழுத்திலும் நாவின் அடியிலும் சேர்ந்த கொழுப்பு தொண்டையை அடைக்க, உடலில் ஆக்சிஜன் இறங்க, ஒவ்வொரு முறையும் பரிவு நரம்புகள் அலறி எழுப்புகின்றன. இரவில் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் இறங்காமல் நின்றுவிடுகிறது. தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். உறுதியானால் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி உதவும், இடுப்பு குறையக் குறைய நோயும் தணியும். மாத்திரைகளை அவர் நாள் தவறாமல் விழுங்குகிறாரா என்பதையும் கோபப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் எண் இறங்காவிட்டால், அட்ரீனல் சுரப்பி சுரக்கும், உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் அளவைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்பது தவறில்லை.

பரிசோதனை நாள் வரும்வரை அவர் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கட்டும், இரவில் மது இருந்தால் நிறுத்தட்டும், தூக்க மாத்திரை ஏதேனும் எடுத்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். ஒரு இரவு, மூச்சு நின்று திணறித் தொடங்கும் அந்தச் சத்தத்தை உங்கள் கைபேசியில் பதிவு செய்து அவருக்கும் மருத்துவருக்கும் போட்டுக் காட்டுங்கள்.